சம்பந்திக்குக் கல் வைக்கும் முன்

அன்பு மகளுக்கு,

சம்பந்தியின் கல்லறையில் கல் வைக்கும் வேலையை நீயே முன்னின்று பார்க்கப் போவதாக மாப்பிள்ளை சொன்னார். கேட்டதில் எனக்கு நிம்மதி. கல்லின் நிறம், பூவேலை, வாசகம் எல்லாவற்றையும் நீங்கள் பேசி முடிவு செய்துவிடுவீர்கள். நான் எழுதுவது பெரும்பாலும் தரைக்குக் கீழே நடக்கிற வேலையைப் பற்றித்தான். கல் சாய்வதும் ஒரு பக்கம் இறங்குவதும் பெரும்பாலும் அங்கே விட்ட குறையால்தான். மண் மூடிவிட்டால் யார் கண்ணிலும் படாது என்பதால் அவசரப்படுவதும் அங்கேதான்.

அனுமதி இல்லாமல் கல்லுக்கு முன்பணம் கொடுத்துவிடாதே. அந்த இடத்தின் உரிமை யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட வேண்டும். உயரம், அகலம், கல்லின் வகை, வரிசைக் கோடு, எழுத்து எந்தத் திசையைப் பார்க்க வேண்டும் என்பதெல்லாம் ஒவ்வொரு கல்லறைத் தோட்டத்துக்கும் வேறுபடும். வெளியாள் வந்து வேலை செய்ய விடுவார்களா என்பதையும் சேர்த்துக் கேள். எல்லாவற்றையும் எழுத்தில் வாங்கிக்கொள். சில இடங்களில் வரிசை முழுவதற்கும் ஒரே நீள கான்கிரீட் பட்டை முன்பே போட்டு வைத்திருப்பார்கள். அப்படி இருந்தால் உன் வேலையில் பாதி முடிந்தது.

அடுத்தது காலம். குழியை மூடிய மண் எவ்வளவு மிதித்தாலும் பழைய இறுக்கத்துக்கு உடனே வராது. மழை இறங்க இறங்கத்தான் அடங்கும். பல வருஷம் கழித்துப் பெட்டியின் மூடி உள்ளே விழும்போது மறுபடியும் கொஞ்சம் இறங்கும். ஆறு மாதமாவது பொறுத்திருங்கள். ஒரு மழைக்காலம் முழுதாகக் கழிந்தால் இன்னும் நல்லது. களிமண் என்றால் மணல் தரையைவிட அதிக நாள் பிடிக்கும். நினைவு நாளுக்குள் கல் நிற்க வேண்டும் என்று வீட்டில் யாராவது அவசரப்படுத்தினால், அன்றைக்கு மரச் சிலுவையோ பெயர்ப் பலகையோ வைத்து ஜெபம் செய்துகொள்ளலாம் என்று சொல்லிப் பார்.

இதைவிட முக்கியம், அஸ்திவாரம் எந்த மண்ணில் உட்காருகிறது என்பது. தலைமாட்டில், குழிக்கு வெளியே, யாரும் தோண்டாத மண்ணில் அது முழுசாக உட்கார வேண்டும். பாதி தோண்டாத மண்ணிலும் பாதி மூடிய மண்ணிலும் உட்கார்ந்தால், மூடிய பக்கம் மட்டும் இறங்கிக் கல் முன்பக்கம் கவிழப் பார்க்கும். கல்லறைத் தோட்டங்களில் முன்னால் சாய்ந்து நிற்கிற கற்களைப் பார்த்திருப்பாய். அநேகமாக இதுதான் காரணம். ஒரு கம்பியை மெல்ல ஒரு சாண் ஆழத்துக்குக் குத்திப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும். மூடிய மண்ணில் வழுக்கிக்கொண்டு இறங்கும், தோண்டாத மண்ணில் தடுக்கும். பொறுப்பாளரிடம் கேட்டுவிட்டுக் குத்து, அதற்குமேல் ஆழம் போக வேண்டாம்.

தலைமாட்டில் இடமே இல்லை, பின்வரிசையின் கால்மாடு வந்து முட்டுகிறது என்றால், குழியின் குறுக்கே பாலம் மாதிரி ஒரு கான்கிரீட் உத்தரம் போட வேண்டியிருக்கும். குழி 90 செ.மீ. அகலம் என்றால் உத்தரம் 150 செ.மீ. நீளம் வேண்டும். அப்போதுதான் இரண்டு பக்கமும் 30 செ.மீ. தோண்டாத மண்ணில் உட்காரும். கனம் 25 செ.மீ. உள்ளே 12 மி.மீ. கம்பி நான்கு, இரண்டு கீழே, இரண்டு மேலே. நான்கையும் சுற்றிக் கட்ட 15 செ.மீ.க்கு ஒரு கம்பி வளையம். கம்பிக்கும் மண்ணுக்கும் நடுவே 5 செ.மீ. கான்கிரீட் இருக்கும்படி கவர் பிளாக் வைக்கச் சொல். கம்பியைத் தரையில் போட்டுவிட்டுக் கான்கிரீட்டைக் கொட்டினால் அது மண்ணோடு ஒட்டித் துருப்பிடிக்கும். அடியில் உள்ள மண் இறங்கும்போது உத்தரத்தின் கீழ்ப்பக்கம்தான் இழுபடும், அந்த இழுப்பைத் தாங்கத்தான் கீழ்க் கம்பி. பக்கத்துக் குழிகள் நெருங்கியிருந்தால் அந்த 30 செ.மீ. கிடைக்காது. அப்போது உயரமான கல்லை விட்டுவிட்டுத் தரையோடு படுக்கும் கல்லை யோசியுங்கள்.

இனி அளவு. உதாரணத்துக்கு, நிற்கிற பலகைக் கல் 60 செ.மீ. அகலம், 75 உயரம், 10 கனம் என்று வைத்துக்கொள். பீடக்கல் 75 நீளம், 30 அகலம், 20 உயரம். இரண்டின் கன அளவும் 45 லிட்டர்தான். கிரானைட் லிட்டருக்கு ஏறக்குறைய 2.7 கிலோ என்பதால் ஒவ்வொன்றும் 120 கிலோ வரும். அஸ்திவாரம் பீடத்தைவிட நாலு பக்கமும் 10 செ.மீ. வெளியே வர வேண்டும், அதாவது 95க்கு 50. புல் வெட்டும் இயந்திரம் கல்லில் மோதாமல் இருக்க இந்த ஓரம் உதவும். 30 செ.மீ. ஆழம் தோண்டி, அடியைத் திமிசுக்கட்டையால் இடித்து, 10 செ.மீ. உடைஜல்லி போட்டு மறுபடி இடித்து, அதன்மேல் 20 செ.மீ. கான்கிரீட். கல்லும் அஸ்திவாரமும் சேர்ந்து அரை டன்னுக்கும் குறைவு. தோண்டாத மண் அதைச் சாதாரணமாகத் தாங்கும். நாம் பயப்படுவது எடைக்காக இல்லை, ஒரு பக்கம் மட்டும் இறங்குவதற்காக. குளிர்காலத்தில் மண் உறைகிற இடமாக இருந்தால் 30 செ.மீ. போதாது. உறையும் ஆழத்துக்கும் கீழே போக வேண்டும், இல்லையென்றால் உறைந்த மண் உப்பி அஸ்திவாரத்தையே தூக்கிவிடும்.

கான்கிரீட் கலவை கன அளவில் சிமெண்ட் 1, மணல் 1½, ஜல்லி 3. மேலே சொன்ன அளவுக்கு 40 கிலோ சிமெண்ட், 40 லிட்டர் மணல், 80 லிட்டர் 20 மி.மீ. ஜல்லி, 20 லிட்டர் தண்ணீர். மணல் ஈரமாக இருந்தால் தண்ணீர் இன்னும் குறையும். வேலை சுலபமாகட்டும் என்று தண்ணீரைக் கூட்டுவார்கள், அதனால் கான்கிரீட்டின் பலம் குறையும். உலர்ந்த கலவையைக் குழியில் கொட்டி மேலே தண்ணீர் ஊற்றுகிற வழக்கமும் சிலரிடம் உண்டு. அதற்கு ஒத்துக்கொள்ளாதே, அடிவரைக்கும் தண்ணீர் போகாது. ஏழு நாள் ஈரச்சாக்கு போட்டு நனைத்து வைக்க வேண்டும். அதற்கு முன்னால் கல்லை ஏற்றக் கூடாது. முழு பலம் வர 28 நாள், அவ்வளவு பொறுக்க முடிந்தால் பொறு.

பீடம் உட்காரும் பரப்பை ரசமட்டம் வைத்து நீளத்திலும் அகலத்திலும் பார்க்க வேண்டும். 30 செ.மீ. அகலத்தில் 3 மி.மீ. தப்பினால், 75 செ.மீ. பலகையின் உச்சி ஏழரை மி.மீ. தள்ளி நிற்கும். கண்ணுக்குத் தெரியும். வெளி ஓரத்துக்கு மட்டும் தண்ணீர் வடிய லேசான சரிவு கொடுக்கலாம். பீடத்துக்கு அடியில் சாந்தைப் பரப்பு முழுக்க விரிக்க வேண்டும். நாலு மூலையில் நாலு உருண்டை வைத்துக் கல்லை இறக்குவது சுலபம்தான், ஆனால் நடுவில் வெற்றிடம் விழும். அதில் தண்ணீர் தேங்கும், கல் சமமாகத் தாங்கப்படாமல் விரிசல் விடும்.

இப்போது முளைக்கம்பி, அதாவது மேலும் கீழும் துளையிட்டு இரண்டையும் உள்ளே கோக்கிற கம்பி. இந்த இடத்தில் மட்டும் யார் என்ன சொன்னாலும் விட்டுக்கொடுக்காதேம்மா. முளை இல்லாமல் பீடத்தின்மேல் சும்மா நிற்கிற அந்த 120 கிலோ பலகையைக் கவிழ்க்க எவ்வளவு விசை வேண்டும் தெரியுமா? கனம் 10 செ.மீ.தான். உச்சியில் 8 கிலோ அளவு தள்ளினால் போதும். ஒரு சின்னப் பிள்ளை பிடித்துத் தொங்கினால் அதன்மேலேயே விழும். பலகையும் பீடமும் ஒன்றாகப் பிணைந்திருந்தாலும், பீடம் அஸ்திவாரத்தோடு பிணையாவிட்டால் 38 கிலோ போதும். அதனால் முளை இரண்டு இடத்திலும் வேண்டும். பீடத்துக்கும் கான்கிரீட்டுக்கும் இரண்டு, பலகைக்கும் பீடத்துக்கும் இரண்டு.

16 மி.மீ. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், 316 தரம், 20 செ.மீ. நீளம், பாதி மேலே பாதி கீழே. சாதாரண இரும்புக் கம்பி கூடவே கூடாது. துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். அது உள்ளிருந்து தள்ளிக் கல்லைப் பிளக்கும், அதற்கு முன்பே பழுப்புக் கறை வெளியே வழியும். துளை 20 மி.மீ., பலகையின் இரு ஓரத்திலிருந்தும் 15 செ.மீ. உள்ளே, கனத்தின் சரிநடுவில். அப்படிப் போட்டால் துளைக்கு இரு பக்கமும் 4 செ.மீ. கல் மிச்சம் இருக்கும். சுத்தியல் அடிக்கிற ட்ரில்லைப் பலகையில் வைக்க வேண்டாம், விளிம்பு பெயர்ந்துவிடும். வைரமுனைத் துளைப்பான்தான் சரி. துளையில் தூசி இருந்தால் எபாக்சி பசை தூசியைத்தான் பிடிக்கும், கல்லைப் பிடிக்காது. பிரஷ் போட்டு, காற்று ஊதி, பிறகு பசை ஊற்ற வேண்டும்.

வரிசையையும் கவனி. பலகையைப் படுக்க வைத்து, அதில் முளையை முதலில் ஒட்டி இறுகவிட வேண்டும். பிறகு பீடத்துத் துளைகளில் மூன்றில் ஒரு பங்கு எபாக்சி ஊற்றிப் பலகையை இறக்கினால் பசை தன் எடையிலேயே துளைக்குள் நிற்கும். முளை இறங்க இறங்க அது மேலே ஏறி இடைவெளியை நிரப்பும். பீடத்துத் துளை அரை செ.மீ. கூடுதல் ஆழம் இருக்கட்டும், இல்லையென்றால் முளை அடியில் முட்டிப் பலகை தூக்கி நிற்கும். துளைகள் நேர்வருகிறதா என்று அட்டை வெட்டி வைத்து முன்னாடியே பார்த்துக்கொள்ளச் சொல்.

இரண்டு கல்லும் நேரடியாக உரசக் கூடாது. மூலைகளிலிருந்து 3 செ.மீ. உள்ளே 3 மி.மீ. கன பிளாஸ்டிக் வில்லை நான்கு வைத்து, சுற்றிலும் கல்லறை வேலைக்கென்றே விற்கிற இணைப்புப் பசையைக் கயிறாக உருட்டி வைப்பார்கள். எடை அழுத்தும்போது பசை மட்டும் பிதுங்கும், வில்லை இடைவெளியைக் காக்கும். புளிப்பு வாடை அடிக்கிற சிலிக்கான் வேண்டாம். அதிலிருந்து வெளிவரும் அமிலம் சலவைக்கல்லைத் தின்னும். எண்ணெய் கலந்த புட்டியும் வேண்டாம், எண்ணெய் கல்லில் ஊறிக் கறையாகும்.

கல்லை இறக்க மூன்று கால் தூக்குச் சட்டமும் செயின் பிளாக்கும் பாலியெஸ்டர் பெல்ட்டும் வேண்டும். சங்கிலி கல்லைத் தொடக் கூடாது. பக்கத்துக் கல்லறைகளின்மேல் மரப்பலகை விரித்துத்தான் நடமாட வேண்டும், அவர்கள் கல்லில் நம் கல்லைச் சாய்த்து வைக்கக் கூடாது. கல் தொங்கும்போது அடியில் கை வைக்க யாரையும் விடாதே.

வாசகத்தைப் பற்றி ஒன்று. கல் வெட்டுமுன் முழு அளவுக் காகிதத்தில் எழுத்தைக் கேட்டு வாங்கி, வீட்டுப் பெரியவர்கள் இருவர் தனித்தனியாகப் படிக்கட்டும். தமிழ் எழுத்து என்பதால் புள்ளிகளை எண்ணிப் பார். கணினியில் இருந்த புள்ளி வெட்டும்போது விழுந்துவிடலாம். மணல் பீச்சி வெட்டும்போது ண, ழ போன்ற எழுத்துகளின் சுழிக்குள் இருக்கும் சின்னத் துண்டு பெயர்ந்து, சுழி முழுக் குழியாகிவிடும். அதனால் எழுத்தைச் சிறிதாக்கி நிறைய எழுதுவதைவிட, பெரிதாகக் கொஞ்சம் எழுதுவதே நல்லது. சம்பந்தியம்மாவுக்கும் அதே இடம் என்றால் கீழே இடம் விடச் சொல்வதா என்று மாப்பிள்ளையே அவர்களிடம் பக்குவமாகக் கேட்கட்டும்.

துடைக்கத் தண்ணீரும் மென்மையான பிரஷும் போதும். பிளீச்சிங், ஆசிட், கம்பி பிரஷ், அழுத்த நீர் எதுவும் வேண்டாம். முதல் மழைக்காலம் முடிந்ததும் ரசமட்டத்தைக் கல்மேல் வைத்துப் பார். ஓரத்து மண் இறங்கியிருந்தால் நிரப்பி இடித்துவிடு. உச்சியில் கை வைத்து மெதுவாகத் தள்ளிப் பார், துளி அசைவு இருந்தாலும் வேலை செய்தவரைக் கூப்பிடு.

அஸ்திவாரக் குழி தோண்டி முடித்ததும், கான்கிரீட் கொட்டுமுன், அடிமண்ணையும் அளவு நாடாவையும் சேர்த்து ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்பு. முளையின் படமும் வேண்டும். நான் பார்த்துச் சொன்ன பிறகு கொட்டச் சொல்லலாம்.

அன்புடன்,
அப்பா