பேரனின் பெயர்

அன்புள்ள அருளப்பா,

உன் கடிதம் கிடைத்தது. பிராகில் பேரன் பிறந்ததை இரண்டே வரியில் சொல்லிவிட்டு, "யான் என்று வைத்துவிட்டான், நம் வம்சத்தில் யாருக்கு இருக்கிறது இந்தப் பெயர்" என்று ஒரு பக்கம் முழுக்க வருத்தப்பட்டிருக்கிறாய். லூக்கா நற்செய்தியில் சக்கரியாவின் சொந்தக்காரர்களும் இதையேதான் கேட்டார்கள், ஞாபகம் இருக்கிறதா? பேச முடியாமல் இருந்த அந்த அப்பா பலகையை வாங்கி எழுதிக் காட்டினாரே, யோவான் என்று, அதுதான் செக் மொழியில் யான்.

எபிரேயத்தில் யோஹனான், கடவுள் அருள் கூர்ந்தார் என்று பொருள். ஐரோப்பாவில் அது போன ஊருக்கெல்லாம் ஏற்றபடி மாறியிருக்கிறது, பிரான்சில் ழான், ஸ்பெயினில் ஹுவான், இத்தாலியில் ஜொவான்னி, ரஷ்யாவில் இவான், ஹங்கேரியில் யானோஷ், அயர்லாந்தில் ஷான், ஜெர்மனியில் யோஹன்னஸ், அதைச் சுருக்கினால் ஹான்ஸ். 1431இல் ரூவானில் எரிக்கப்பட்ட ஜோன் ஆஃப் ஆர்க்கின் பெயரும் இதன் பெண்பால்தான்.

என் மனம் திரும்பத் திரும்பப் போய் நிற்பது கான்ஸ்டன்ஸ் நகரில் கூடிய திருச்சபைப் பொதுச்சங்கத்தில். 1415 மே மாதம் இருபத்து மூன்றாம் யோவான் என்று பெயர் சூட்டிக்கொண்ட எதிர்ப்பாப்பரசரை, அதாவது முறையான பாப்பரசராகத் திருச்சபை கணக்கில் சேர்க்காதவரை, அந்தச் சங்கம் பதவி நீக்கியது. ஜூலை 6 அன்று அதே ஊரில், உயிருக்கு ஆபத்து வராது என்ற அரசரின் உறுதியை நம்பி வந்த, திருச்சபையின் தவறுகளைக் கண்டித்த செக் குருவானவர் யான் ஹுஸை உயிரோடு கொளுத்தினார்கள். இருவருக்கும் ஒரே பெயர். ஹுஸுக்கு அவர்கள் செய்ததை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை. செக் நாட்டில் இன்று ஜூலை 6 பொது விடுமுறை, பிராகின் பழைய நகரச் சதுக்கத்தில் அவருக்குப் பெரிய சிலை இருக்கிறது, உன் மகனிடம் சொல், தூக்கிக்கொண்டு போய்க் காட்டட்டும்.

அதன்பின் 1958 வரை எந்தப் பாப்பரசரும் யோவான் என்று பெயர் சூட்டிக்கொள்ளவில்லை. அந்த வருடம் பாப்பரசரான கர்தினால் ரொன்காலி அந்தப் பெயரையும் அதே இருபத்து மூன்று என்ற எண்ணையும் எடுத்துக்கொண்டார். தன் அப்பாவின் பெயர் என்பதால் பிரியம் என்றார்.

சரி, இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். நம் கோயிலில் முன்பெல்லாம் யோவான் நற்செய்தியை எப்படிச் சொல்லி வாசிப்பார்கள்? அருளப்பர் எழுதிய நற்செய்தி என்றுதானே! உன் மகன் உன் பெயரைத்தானப்பா வைத்திருக்கிறான். பெயரன் என்பதுதான் பேரன் ஆயிற்று என்று பள்ளியில் நமக்குச் சொல்லிக்கொடுத்தார்களே.

இன்றைக்கே அவனைக் கூப்பிட்டுப் பேசு. அப்புறம் குழந்தையின் படம் ஒன்று எனக்கு அனுப்பு.

அன்புடன்,
சூசை