கட்டண உயர்வு பற்றிக் கேட்க ஒன்றுகூடிய மாணவர்கள் மீதான நடவடிக்கையைக் கைவிடச் செய்யக் கோரும் மனு

அனுப்புநர்:
சுயநிதிப் பிரிவு மாணவ மாணவியர்,
தூத்துக்குடி மாவட்டம்.
(கல்லூரியின் பெயரும் கையெழுத்துகளும் தனி உறையில் இணைக்கப்பட்டுள்ளன.)

பெறுநர்:
மண்டல இணை இயக்குநர் அவர்கள்,
கல்லூரிக் கல்வித் துறை,
திருநெல்வேலி.

பொருள்: கல்விக் கட்டண உயர்வு – கையெழுத்து வாங்கிய மாணவர்கள் மீது ஒழுங்கு நடவடிக்கை – தலையிடக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா/அம்மா,

வணக்கம். எங்கள் கல்லூரியில் காலையில் அரசு உதவி பெறும் வகுப்புகளும் மதியம் சுயநிதி வகுப்புகளும் நடக்கின்றன. நாங்கள் மதிய ஷிஃப்ட். அதே கட்டடம், அதே பெஞ்ச், கட்டணம் மட்டும் பல மடங்கு. அது தெரிந்துதான் சேர்ந்தோம். அதைப் பற்றிப் புகார் இல்லை. ஆனால் சேரும்போது செமஸ்டருக்கு 14,500 ரூபாய் என்றார்கள், இந்த ஆண்டு சலானில் 19,800 என்று வந்திருக்கிறது. கூடிய தொகையில் பெரும்பகுதி ‘வளர்ச்சி நிதி’, ‘இதர கட்டணம்’ என்ற இரண்டு வரிகளில் இருக்கிறது. எதற்கு என்று அலுவலகத்தில் கேட்டால் ‘மேனேஜ்மென்ட் முடிவு’ என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள்.

தனித்தனியாகக் கேட்டுப் பயனில்லை என்றபிறகுதான் இடைவேளையில் ஒன்றாக உட்கார்ந்து பேசினோம். வகுப்புக்கு ஒருவர் பொறுப்பேற்று கல்லூரி முதல்வருக்கான மனுவில் கையெழுத்து வாங்கினார்கள். வகுப்பைப் புறக்கணிக்கலாம் என்று சிலர் சொன்னார்கள். வருகைப் பதிவு குறைந்தால் தேர்வு எழுத முடியாது, முதலில் மனுவே கொடுப்போம் என்று முடிவானது. மறுநாளே கையெழுத்துத் தாள்களையும் பொறுப்பாளர்களின் ஐடி கார்டுகளையும் நிர்வாகத்தினர் வாங்கி வைத்துக்கொண்டார்கள். வீட்டுக்கு போன் போனது. ஒரு மாணவியின் தாய் உப்பளத்தில் அன்றைய கூலியை விட்டுவிட்டு வந்து, “இனி இப்படி நடந்தால் டி.சி.தான்” என்பதைக் கேட்டுக்கொண்டு திரும்பினார். கேள்வி கேட்டது மகள், கூலியை இழந்தது தாய்.

உப்பளம் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறோம். மழைக்காலத்தில் இங்கே உப்பளங்களில் வேலை இருக்காது. அதனால்தான் அக்டோபர் முதல் டிசம்பர் வரையான காலத்துக்கு உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு அரசே 5,000 ரூபாய் நிவாரணம் தருகிறது. அதே டிசம்பரில்தான் எங்கள் கல்லூரி அடுத்த செமஸ்டர் கட்டணத்துக்குக் கடைசித் தேதி குறிக்கிறது. தேதி தப்பினால் அபராதம். பாக்கி இருந்தால் ஹால் டிக்கெட் கிடையாது. எங்களில் பாதிப் பேர் வீட்டில் நகை அடகுக்குப் போவது அந்த மாதத்தில்தான்.

நாங்கள் கேட்டது சட்டத்துக்கு உட்பட்டதே. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2023ஆம் ஆண்டு மாணவர் குறைதீர்ப்பு விதிமுறைகளின்படி, சேர்க்கை தொடங்க 60 நாட்களுக்கு முன்பே கட்டணத்தின் ஒவ்வொரு பகுதியையும் கையேட்டில் வெளியிட வேண்டும். அதில் சொன்னதைவிடக் கூடுதலாகக் கேட்பது குறைதீர்ப்புக் குழு விசாரிக்க வேண்டிய விஷயம். அந்தக் குழு எங்கள் கல்லூரியில் எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. அரசு நிர்ணயித்த கட்டணத்துக்கு மேல் எந்தப் பெயரில் வாங்கினாலும் அது நன்கொடைதான் என்கிறது தமிழ்நாட்டின் 1992ஆம் ஆண்டு நன்கொடைத் தடுப்புச் சட்டம். ‘வளர்ச்சி நிதி’ அதில் வருமா என்பதைத் தாங்கள்தான் பார்க்க வேண்டும். மாணவர் பேரவைத் தேர்தல் பற்றிய லிங்டோ குழுவின் பரிந்துரைகளைப் பின்பற்றும்படி உச்ச நீதிமன்றம் 2006இல் உத்தரவிட்டது. எங்கள் பேரவைத் தலைவரை முதல்வர் அறையில் நியமிக்கிறார்கள். விளையாட்டு விழாவில் கொடி பிடிப்பதைத் தவிர அவருக்கு வேறு வேலை இல்லை, பாவம்.

மாணவர்கள் சேர்ந்து கேட்டு அரசே செவிசாய்த்த முன்னுதாரணங்கள் உண்டு. சிதம்பரம் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியை அரசு ஏற்ற பிறகும் எம்.பி.பி.எஸ். கட்டணம் ஆண்டுக்கு 5 லட்சத்தைத் தாண்டியிருந்தது. மாணவர்கள் வாரக்கணக்கில் போராடிய பின், 2021 ஜனவரியில் அந்தக் கல்லூரி சுகாதாரத் துறைக்கு மாற்றப்பட்டது, பிறகு அரசு மருத்துவக் கல்லூரிக் கட்டணம் வந்தது. 2023 நவம்பரில் அண்ணா பல்கலைக்கழகம் ஒரு தாளுக்கான தேர்வுக் கட்டணத்தை 150 ரூபாயிலிருந்து 225 ஆக்கியபோதும், எதிர்ப்பு வந்ததும் உயர்வு நிறுத்திவைக்கப்பட்டது. நாங்கள் அந்த அளவுக்குக்கூடப் போகவில்லை, கையெழுத்துதான் வாங்கினோம்.

எனவே பொறுப்பாளர்கள் மீதான நடவடிக்கையைக் கைவிட்டு ஐடி கார்டுகளைத் திருப்பித் தரக் கல்லூரிக்கு உத்தரவிட வேண்டுகிறோம். கடந்த மூன்றாண்டுக் கட்டண விவரத்தைத் தலைப்புவாரியாகப் பெற்று ஆய்வு செய்யுங்கள். அது முடியும்வரை பழைய கட்டணமே வசூலிக்கப்படட்டும். டிசம்பர் கட்டணத்தைத் தவணையாகக் கட்டவும், பாக்கிக்காக ஹால் டிக்கெட்டை நிறுத்தாமல் இருக்கவும் வழி செய்யுங்கள். அப்புறம், பேரவைக்குத் தேர்தல் நடக்க வேண்டும். கட்டணத்தை மாற்றும் முன் தேர்வான பிரதிநிதிகளுடன் நிர்வாகம் பேச வேண்டும்.

விசாரணைக்கு அழைத்தால் எங்கள் பிரதிநிதிகள் திருநெல்வேலிக்கு வரத் தயார். காலை வேளையாக இருந்தால் வகுப்பு கெடாது. கையெழுத்திட்டவர்களின் பெயர்களை மட்டும் கல்லூரிக்குத் தெரிவிக்க வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
சுயநிதிப் பிரிவு மாணவ மாணவியர்

நகல்: மாவட்ட ஆட்சியர், தூத்துக்குடி.