சபையாரின் குரல் எங்கே?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

திருகோணமலை நகரின் ஆலயங்களில் ஞாயிறு ஆராதனையின்போது இசையின் ஓசை ஆண்டுக்காண்டு கூடி வருகிறது, சேர்ந்து பாடும் சபையாரின் தொகையோ குறைந்து வருகிறது. இதனைச் சபைக் கூட்டத்தில் பேசாமல் பத்திரிகைக்கு எழுதுவானேன் என்று என் சபையைச் சேர்ந்தவர்கள் கேட்கக்கூடும். உவர்மலையிலும் பாலையூற்றிலும் உப்புவெளியிலும் வெவ்வேறு திருச்சபைகளுக்குப் போகும் உறவினரும் நண்பர்களும் இதே மனக்குறையைச் சொல்லக் கேட்டதனாலேயே, ஒரு சபையின் நான்கு சுவர்களுக்குள் பேசி முடிக்கும் விடயமாக இதனைக் கருத முடியவில்லை.

முன்வரிசையில் கீபோர்டும் கிற்றாரும் டிரம்ஸும் நிற்கின்றன. பாடகர் குழுவிலுள்ள பிள்ளைகள், வேலைக்கும் வகுப்புக்கும் போய் வந்த களைப்போடு மாலை வேளைகளில் மெனக்கெட்டுப் பயிற்சி செய்கிறார்கள் என்பதை நான் அறிவேன். ஆனால் அவர்கள் பாடத் தொடங்கியதும் ஒலிபெருக்கியின் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவரின் குரல் மட்டுமல்ல, தன் குரலே தனக்குக் கேட்பதில்லை. பயிற்சி பெற்ற இளம் குரலுக்கு ஏற்ற சுருதியில் பாடல் தொடங்குவதால், இரண்டாவது வரியிலேயே ஐம்பது வயதைக் கடந்தவர்கள் எட்ட முடியாமல் நின்றுவிடுகிறார்கள். போன மாதம் அறிமுகமான பாட்டு வாயில் படியுமுன்னே இந்த மாதம் வேறொன்று திரையில் தோன்றுகிறது. சபையார் திரையைப் பார்த்தபடி உதட்டை அசைக்கிறார்கள். சிலர் அதையும் விட்டுவிட்டுக் கைபேசியில் படம் பிடிக்கிறார்கள்.

பாடுவதை ஆராதனையின் அலங்காரமாக வேதாகமம் எங்கும் சொல்லவில்லை. சங்கீதங்களினாலும் கீர்த்தனைகளினாலும் ஞானப்பாட்டுகளினாலும் ஒருவருக்கொருவர் போதித்துப் புத்திசொல்லிக்கொள்ளும்படி கொலோசெ சபைக்குப் பவுல் எழுதும்போது (3:16), பாடும் பணியையும் அதன்வழி போதிக்கும் பணியையும் சபையார் அனைவருடைய தோளிலும் வைக்கிறார். கடைசி இராப்போசனத்தின் முடிவில் கர்த்தரும் சீஷர்களும் ஸ்தோத்திரப்பாட்டைப் பாடிவிட்டு ஒலிவமலைக்குப் புறப்பட்டார்கள் என்று மாற்கு எழுதுகிறார் (14:26). பஸ்கா விருந்தில் 113 முதல் 118 வரையுள்ள சங்கீதங்களைப் பாடுவது யூத வழக்கமாகையால், அன்று பாடப்பட்டவையும் அவையே என்பது வேத ஆராய்ச்சியாளர் பலரின் கருத்து. மரணத்தை எதிர்நோக்கிப் போகிறவர் தம் சீஷர்களைக் கேட்போராக வைக்காமல் தம்மோடு சேர்த்தே பாடினார். அப்படிப் பாடியவர்கள் அன்றிரவே அவரைக் கைவிட்டு ஓடிப்போனதும் அதே அதிகாரத்தில்தான் எழுதப்பட்டிருக்கிறது. ஆகவே பாடிவிட்டால் சீஷராகிவிடலாம் என்று நான் வாதிட வரவில்லை. வாயைத் திறவாமல் பிறர் பாடுவதைக் கேட்டுவிட்டுப் போகிற பழக்கம் சீஷத்துவத்திலிருந்து எங்களை இன்னும் தூரப்படுத்திவிடும் என்பதே என் கவலை.

நான் மெதடிஸ்த சபையில் வளர்ந்தவன். 1814இல் காலியில் வந்திறங்கிய வெஸ்லியன் மிஷனரிமார் இந்நாட்டுக்குக் கொண்டுவந்த மரபு பாடுவதையே உயிராகக் கொண்டது. மெதடிஸ்த மரபைத் தோற்றுவித்த ஜோன் வெஸ்லி 1761இல் வெளியிட்ட பாடல் தொகுப்பில் பாடுவோருக்கான அறிவுரைகளையும் சேர்த்திருந்தார். எல்லாரும் பாடவேண்டும், தூக்கக் கலக்கத்தில் பாடுவதுபோலன்றி உரத்துப் பாடவேண்டும் என்று சொன்னவர், ஒருவருடைய குரல் மற்றவர்களுடைய குரலுக்கு மேலாக ஒலித்து ஒருமையைக் கெடுக்காதபடி அடக்கமாகப் பாடவேண்டும் என்றும் அங்கேயே எழுதினார். ஒலிவாங்கி என்ற ஒன்றையே கண்டிராத காலத்தில் அவர் எழுதிய அந்த அறிவுரை இன்றைய ஒலிப்பொறுப்பாளரின் மேசையில் ஒட்டிவைக்கத் தக்கது. கத்தோலிக்கத் திருச்சபையும் இதில் வேறுபடவில்லை. 1963 டிசம்பர் 4ஆம் திகதி இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட திருவழிபாட்டுச் சாசனம், இறைமக்கள் முழுமையாகவும் உணர்வோடும் செயலூக்கத்தோடும் வழிபாட்டில் பங்கெடுப்பது திருமுழுக்கினால் அவர்களுக்குக் கிடைத்த உரிமையும் கடமையும் என்று தெளிவாகக் கூறியிருக்கிறது.

தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கோ கையிலேயே ஒரு செல்வம் இருக்கிறது. தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) போன்றவர்களின் கீர்த்தனைகள் பல்லவி, அனுபல்லவி, சரணம் என்ற அமைப்பில் ஆனவை. ஒருவர் சரணத்தை எடுத்துக்கொடுக்க, மற்றவர்கள் பல்லவிக்குத் திரும்பிவருவதால், புத்தகமோ திரையோ இல்லாதவரும் எழுத வாசிக்கத் தெரியாதவரும் பாட்டுக்குள் நுழைந்துவிட முடியும். எங்கள் பாட்டிமார் வேதத்தை இப்படித்தான் மனதில் ஏற்றிக்கொண்டார்கள். என் அயல்வீட்டுச் சைவப் பெரியவர் சம்பந்தரின் திருக்கோணமலைப் பதிகத்தை ஏடு பாராமல் பாடுவதை நாள்தோறும் கேட்கிறேன். எங்கள் ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகளில் எத்தனை பேர் ஒரு கீர்த்தனையை முதல் சரணத்துக்கு அப்பால் மனப்பாடமாகப் பாடுவார்கள்?

இந்த இழப்பு ஆலயத்தைவிட மரணவீட்டில்தான் அதிகம் உறைக்கிறது. முன்பெல்லாம் இரவில் சபையார் வந்து பிரேதத்தைச் சுற்றி உட்கார்ந்து, நித்திரை விழித்துப் பாடுவார்கள். அழுது தொண்டை அடைத்துப்போன குடும்பத்தாரின் விசுவாசத்தை மற்றவர்கள் தங்கள் வாயினால் அறிக்கையிட்ட நேரம் அது. இப்போது பல வீடுகளில் பென்டிரைவ் ஒன்றைச் செருகிய ஒலிப்பெட்டி மூலையில் பாடிக்கொண்டிருக்க, வந்தவர்கள் முற்றத்துக் கதிரைகளில் ஊர்க்கதை பேசிக்கொண்டிருக்கிறார்கள். துக்கப்படுகிறவர்களோடு துக்கப்படுங்கள் என்ற கட்டளையை நிறைவேற்ற ஒலிப்பெட்டியினால் ஆகாது.

2022இன் மின்வெட்டுக் காலத்தில் ஆராதனை நடுவே மின்சாரம் நின்றபோது, பாடல் இரண்டு வரிகளுக்குள் தேய்ந்து நின்றுபோனதைக் கண்டேன். இதே ஊர் மக்கள் 1990இல் இடம்பெயர்ந்து, பாட்டுப் புத்தகமும் ஆர்மோனியமும் இல்லாமல் முகாம்களில் கூடி மனப்பாடமாகவே பாடித் தேறுதல் அடைந்தவர்கள். பிலிப்பி பட்டணத்துச் சிறையில் பவுலும் சீலாவும் நள்ளிரவில் பாடியதைக் காவலில் வைக்கப்பட்டிருந்தவர்கள் கேட்டுக்கொண்டிருந்ததும், அந்தப் பாட்டு பாடிய இருவருடைய நெஞ்சுக்குள்ளே இருந்தபடியால்தான்.

இளைஞர்கள் இசைக்குழுவுக்காகவே ஆலயத்துக்கு வருகிறார்கள், அதையும் நிறுத்தினால் அவர்களும் போய்விடுவார்கள் என்று சொல்லப்படுகிறது. இந்த அச்சத்தை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. பழைய காலம் பொற்காலமும் அல்ல. ஒரு பாட்டு முடிவதற்குள் கொட்டாவி வந்துவிடும் அளவுக்கு நாங்கள் இழுத்து இழுத்துப் பாடியதுண்டு. இசைக்கருவிகளை அகற்றும்படி நான் கேட்கவில்லை. சத்தத்தைக் குறைத்து, சுருதியைச் சற்றுத் தாழ்த்தி, ஒரு புதிய பாடலைச் சபை முழுவதும் கற்றுக்கொள்ளும்வரை அதனையே திரும்பத் திரும்பப் பாடவைத்தால், அந்த இளைஞர்களே சபைக்குச் சிறந்த ஆசிரியர்களாகிவிடுவார்கள்.

கத்தோலிக்க ஆலயங்களில் பெரிய வியாழன் திருப்பலியின் 'உன்னதங்களிலே' கீதம் முடிந்தபின், உயிர்ப்புத் திருவிழிப்பு வரையில் மணிகள் ஓய்ந்து, இசைக்கருவிகளும் அடங்கியிருப்பது நெடுங்கால மரபு. மற்றைய திருச்சபைகளின் முகாமைக்குருமாரும் போதகர்களும், வருகிற தவக்காலத்தில் வாரத்துக்கு ஒரு கீர்த்தனையையாவது கருவிகளும் ஒலிவாங்கியும் இல்லாமல் சபையார் மட்டும் பாடுவதற்கு ஒதுக்கவேண்டும் என்று தங்கள் பத்திரிகை வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். எந்தக் கீர்த்தனை என்பதை முந்திய ஞாயிறே அறிவித்துவிட்டால், குடும்ப ஜெபத்தில் பிள்ளைகளுக்கு அதனைச் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பைப் பெற்றோரும் ஏற்றுக்கொள்ளலாம்.

இங்ஙனம்,
மெதடிஸ்த சபை அங்கத்தவர் ஒருவர்,
திருகோணமலை.