என்னைத் தூக்காதவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

வன்னியில் பிறந்தவனுக்கு ஏற்றம் என்றால் இரண்டுதான்: பனை, குளக்கட்டு. பனையில் நான் ஏறியதில்லை. இலங்கையின் யாத்திரை மலையான சிவனொளிபாதமலையில் ஏறப் பழகியதெல்லாம் எங்கள் இரணைமடுக் குளக்கட்டில்தான். அதிகாலையில், முதுகுப் பையில் பத்துக் கிலோ அரிசியோடு ஏறுவேன், இறங்குவேன். மாடு சாய்த்துக்கொண்டு வருகிற ஐயா ஒருவர் முதல் கிழமை என்னைப் பார்த்துச் சிரித்தார். இரண்டாம் கிழமை, "நேராக இறங்காதே தம்பி, உடம்பைக் குறுக்கே திருப்பி இறங்கு" என்றார். மலையில் என் முழங்காலைக் காப்பாற்றியது அந்த ஒரு வரி. முதல் நன்றி அவருக்கு.

என் இடது முழங்காலுக்குக் கீழே இருப்பது செயற்கைக் கால். 2010இல் மீள்குடியேறி, காணி துப்பரவாக்கும்போது மிதிவெடி. வன்னியில் அது ஒரு புதினமே அல்ல என்பதால் அதை இத்தோடு விடுகிறேன்.

மலையேற்றப் பயணங்களை ஒழுங்கு செய்கிற குழுவொன்றில் முதலில் பெயர் பதிந்தேன். காலைப் பற்றித் தெரிந்ததும், "உங்கள் நன்மைக்காக" என்று எழுதிப் பணத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். சதம் குறையாமல் வந்தது, அதற்கும் நன்றி. இந்த "நன்மை" எனக்கு மட்டும் கிடைத்ததல்ல. 2017 டிசம்பரில் நேபாள அரசு, இரண்டு கால்களையும் இழந்தவர்களும் பார்வையற்றவர்களும் எவரெஸ்ட் உள்ளிட்ட சிகரங்களில் ஏறக்கூடாது என்று விதி கொண்டுவந்தது. அடுத்த ஆண்டு மார்ச்சில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. நான் கால் இழந்த அதே 2010இல், ஆப்கானிஸ்தானில் இரண்டு கால்களையும் முழங்காலுக்கு மேலே இழந்தவர் ஹரி புத்த மகர் என்ற முன்னாள் கூர்க்கா வீரர். 2023 மே 19 அன்று அவர் எவரெஸ்ட் உச்சியில் நின்றார். எனக்கு எவரெஸ்டின் 8,848 மீற்றர் வேண்டாம், சிவனொளிபாதமலையின் 2,243 மீற்றர் போதும் என்று சொன்னபோது, என் மூன்று கூட்டாளிகளும் பேச்சுக்கு இடம் வைக்காமல் வான் வண்டி பிடித்தார்கள்.

புறப்படுமுன் எனக்குக் கால் செய்து தருகிற தொழில்நுட்பவியலாளர் அக்கா, குறைக்காலில், அதாவது எஞ்சிய காலில், மாட்டுகிற ஆறு உறைகளைத் தந்தார். ஏற ஏறக் குறைக்கால் சுருங்கும், அதை ஏந்துகிற செயற்கைக் காலின் கூடு தளரும், அப்போது இன்னொரு உறையை மாட்ட வேண்டும். வியர்த்தால் சோம்பாமல் மாற்ற வேண்டும் என்று பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொல்லி அனுப்பினார். எங்கள் சந்தியில் சைக்கிள் திருத்துகிற அண்ணை, பாதத்தைப் பிடித்திருக்கும் ஆணிக்குப் பொருத்தமான எல் வடிவச் சாவியைத் தேடித் தந்தார். காசு வாங்கவில்லை. திரும்பி வந்து கதை சொன்னால் போதும் என்றார்; மூன்று தடவை சொல்லிவிட்டேன்.

மாசி மாத வெள்ளி இரவு பத்து மணிக்கு மலையடிவாரத்து நல்லதண்ணியிலிருந்து ஏறத் தொடங்கினோம். ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் என்கிறார்கள். நான் எண்ணவில்லை, என் கவனமெல்லாம் குப்பையில் இருந்தது. ரப்பர்ப் பாதத்துக்கு ஈரப் பொலித்தீன் தெரியாது. மற்றவர்களுக்கு அது அசிங்கம், எனக்கு அது வழுக்கல். சாக்குப் பையோடு போத்தல்களைப் பொறுக்கிக்கொண்டு இறங்கிய பாடசாலைப் பிள்ளைகளே, உங்களுக்கு என் கால் கடன்பட்டிருக்கிறது.

கடைசிச் செங்குத்துப் பகுதியில், கைபிடிக் கம்பிகளுக்கு நடுவே சனம் நகரவில்லை. இரண்டு மணி நேரம் ஒரே இடம். 2019 மேயில் எவரெஸ்ட் உச்சிக்குக் கீழே மனிதர்கள் வரிசையாக நின்ற படத்தை உலகமே பார்த்தது. அந்தப் பருவத்தில் அங்கே 11 பேர் இறந்தார்கள், நெரிசலும் ஒரு காரணம் என்று பேசப்பட்டது. எங்கள் வரிசையில் உயிருக்கு ஆபத்து இல்லை. ஆனால் எனக்கு ஏறுவதைவிட நிற்பதுதான் கொடுமை: வியர்வை குளிர்ந்து, கூடு தளர்ந்து, குறைக்கால் உரசத் தொடங்கும். முன்னால் நின்ற சிங்கள அம்மா ஒருவர் என் முகத்தைப் பார்த்தார், காலைப் பார்த்தார். எதுவும் கேட்காமல் தன் பிள்ளையின் போர்வையைப் படியில் விரித்தார். நான் உட்கார்ந்து உறை மாற்றும்வரை பின்னால் வந்தவர்களைக் கையால் மறித்துக்கொண்டு நின்றார்.

உச்சியில் முகில்தான் இருந்தது. சூரியோதயம் பார்த்தாயா என்று இனி யாரும் கேட்க வேண்டாம். எத்தனையாவது தடவை ஏறுகிறோமோ அத்தனை முறை மணி அடிப்பது வழக்கம். ஒரு முறை அடித்தேன்.

இறக்கத்தில் ஆணி தளர்ந்து பாதம் திரும்பிவிட்டது. தேநீர்க் கடைக்காரர் ரோர்ச் பிடிக்க, கூட்டாளி ஆணியை முறுக்கினான். அதற்குள் நல்ல மனதோடு இரண்டு இளைஞர்கள் என் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்க, மூவரும் விழப் பார்த்தோம். இன்னொருவர் படம் எடுத்தார். அவர்கள் மேல் கோபமில்லை என்று எழுத நினைத்தேன். படம் எடுத்தவர் மேல் கொஞ்சம் இருக்கிறது.

அப்போது வெற்று எரிவாயுச் சிலிண்டரை முதுகில் சுமந்து இறங்கிய தேயிலைத் தோட்டத்துத் தம்பி ஒருவர் நின்றார். மலைக் கடைகளுக்குச் சுமை ஏற்றுவது அவர் தொழில். "எந்தப் பக்கம் வேண்டும் அண்ணே?" என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார். சிலிண்டரைக் கூட்டாளியிடம் கொடுத்துவிட்டு, எனக்கு ஒரு படி கீழே, என் வலக்கைக்கு எட்டும்படி தோளை வைத்துக்கொண்டு அடிவாரம்வரை நடந்தார். சுமைக் கணக்கில்தான் கூலியாம். எனக்காகப் போன நேரத்துக்கு யார் கொடுப்பார்கள்? நீட்டிய காசைத் தேநீருக்கு மட்டும் வாங்கிக்கொண்டார். 2014 ஏப்ரல் 18 அன்று எவரெஸ்ட் பனிச்சரிவில் இறந்த 16 பேரும் பிறர் ஏறுவதற்காக உழைத்த நேபாளத் தொழிலாளர்கள். உச்சி தொட்டவர்களின் பெயர்கள் தெரிந்த எனக்கு அவர்களில் ஒருவர் பெயரும் தெரியாது. இந்தத் தம்பியின் பெயர் தெரியும். எழுத அனுமதி கேட்க மறந்துவிட்டேன், அதனால் எழுதவில்லை.

ஒரு வேண்டுகோள். அந்த அம்மாவின் போர்வை நெரிசலில் என் பையோடு வந்துவிட்டது. நீல நிறம், ஓரத்தில் ஆனைக்குட்டிகள். துவைத்து மடித்து வைத்திருக்கிறேன். இந்த மடலைச் சிங்களத்தில் எழுதித் தரக்கூடியவர் யாராவது இருந்தால், தயவுசெய்து முன்வாருங்கள்.

நன்றியுடன்,
இரணைமடுவிலிருந்து ஒருவன்