பச்சை உடம்புக்காரிக்கு ஒரு கடிதம்

திருநெல்வேலி,
ஐப்பசி மாதம்

அன்புள்ள அமுதா,

உன் கடிதம் கிடைத்தது. வாட்ஸ்அப்பில் இரண்டு வரி தட்டிவிடாமல் தாளில் எழுதி, தபால்தலை ஒட்டி அனுப்பியிருக்கிறாயே, அதற்கே உனக்கு ஒரு கருப்பட்டி மிட்டாய் தரலாம். பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு எழுதினேன், கையெழுத்தைப் பார்க்காதே என்கிறாய். உன் கையெழுத்து என்றைக்கு நேராக நின்றது? பெண் குழந்தை, 2 கிலோ 900 கிராம், உன் அப்பாவின் நெற்றி. மிச்சத்தை நேரில் வந்து பார்த்துக்கொள்கிறேன்.

இங்கே மழை பிடித்துக்கொண்டது. எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காலையிலிருந்து காய்ச்சல்காரர்கள் வரிசைதான். பெரியவள் என் தோளுக்கு வளர்ந்துவிட்டாள், என் செருப்பைப் போட்டுக்கொண்டு டியூஷனுக்குப் போகிறாள். சின்னவனோடு அங்கன்வாடி வாசலில் தினமும் ஒரு பஞ்சாயத்து. விடுதியில் நம் அறையில் இருந்த ஜெயந்தி தென்காசிக்கு மாற்றலாகி வந்திருக்கிறாள். உனக்குக் குழந்தை பிறந்ததைச் சொன்னதும் போனிலேயே அழுதுவிட்டாள். அவள் மாறவே இல்லை.

சரி, உன் விஷயம். சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரமானால் காரணமில்லாமல் அழுகை வருகிறது என்று ஒரு வரி எழுதி, அதைப் பேனாவால் அடித்தும் விட்டிருக்கிறாய். அடித்த வரியைத்தான் நான் இரண்டு தடவை படித்தேன். அதனால் அதை முதலில் பேசிவிடலாம்.

பிரசவமாகி நஞ்சுக்கொடி வெளியே வந்த பிறகு, கர்ப்பத்தில் உச்சத்தில் இருந்த ஹார்மோன்கள் ஒன்றிரண்டு நாளில் மளமளவென்று இறங்கிவிடும். தூக்கமும் கிடையாது, தையலும் வலிக்கும். மூன்றாம் நாள், நாலாம் நாள் வாக்கில் பிள்ளை பெற்றவர்களில் பாதிப்பேருக்கு மேல் இப்படி அழுகிறார்கள். எங்கள் வார்டில் பார்த்துப் பார்த்து எனக்குப் பழகிவிட்டது. இரண்டு வாரத்துக்குள் அது தானாக வடிந்துவிடும். உனக்கோ இது நாலாவது வாரம், அதனால்தான் கேட்கிறேன். தினமும் வருகிறதா? பிள்ளை தூங்கும்போது உன்னால் தூங்க முடிகிறதா, இல்லை கண்ணை மூடினாலும் மனசு ஓடிக்கொண்டே இருக்கிறதா? சாப்பாடு ருசிக்கிறதா? பிள்ளையைப் பார்த்தால் பயமாகவோ, ஒன்றுமே தோன்றாமலோ இருக்கிறதா? இதில் இரண்டு சரியில்லை என்றால்கூட இந்த வாரமே டாக்டரிடம் சொல். நான் இல்லாவிட்டால் எல்லோருக்கும் நல்லது என்பதுபோல ஒரு நினைப்பு ஒரே ஒரு தடவை வந்திருந்தால் அன்றைக்கே சொல்ல வேண்டும், பொழுது விடியக் காத்திருக்கக் கூடாது. பால் கொடுத்துக்கொண்டே சாப்பிடக்கூடிய மருந்துகள் இருக்கின்றன. அதை நினைத்து மறைக்காதே. நடுராத்திரியில் யாரிடமாவது பேச வேண்டும் போலிருந்தால் 14416 எண்ணைக் கூப்பிடு. டெலிமனாஸ் என்று மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய மனநல உதவி எண் அது. காசு கிடையாது, தமிழிலேயே பேசுவார்கள். போகிறபோது ரத்தத்தில் ஹீமோகுளோபினையும் தைராய்டையும் பார்க்கச் சொல். ரத்தம் குறைந்திருந்தாலும், தைராய்டு ஏறி இறங்கினாலும் இதே மாதிரிதான் ஆளைப் போட்டு அடிக்கும். அம்மா கண்ணேறு என்று மிளகாய் சுற்றிப்போட்டால் போடட்டும். டாக்டரையும் பார்.

உன் கடிதத்தில் மிச்சமெல்லாம் அம்மா மேல் புகார்தான். தண்ணீர் தரமாட்டேன் என்கிறார். கேட்டால் வயிறு போட்டுவிடும், தையல் சீழ் பிடிக்கும் என்கிறார். அமுதா, தாய்ப்பாலில் நூற்றுக்கு எண்பத்தேழு பங்குக்கு மேல் தண்ணீர்தான். முழுதாகத் தாய்ப்பால் குடிக்கிற பிள்ளைக்கு ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர் அளவுக்குப் பால் போகிறது. அது எங்கிருந்து வரும்? குடிக்கிற தண்ணீர் தையலுக்குள் போய்ச் சேர்வதும் இல்லை. தண்ணீர் குறைந்தால்தான் சிறுநீர் எரியும், மலம் இறுகும், முக்கினால் தையல்தான் இழுபடும். ஆனால் இதை அம்மாவிடம் பாடமாக ஒப்பிக்காதே, சண்டைதான் வரும். தண்ணீர் என்று கேட்டால் தரமாட்டார்; சீரகத் தண்ணீர் என்று கேள், ஓமத் தண்ணீர் என்று கேள். ஒரு சொம்பு நிறையச் சுடவைத்து அவரே கொண்டுவந்து வைப்பார். அதை மருந்துக் கணக்கில் சேர்த்துவிடுவார். பால் கொடுக்க உட்காரும்போதெல்லாம் ஒரு டம்ளர் குடி, தாகம் எடுத்தால் இன்னொன்று. போதும்.

உன் அம்மாவின் பத்தியச் சமையலைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அந்தப் பூண்டுக் குழம்புக்காகவே விடுமுறைக்குச் சங்கரன்கோவில் பஸ் ஏறியவள் நான். பூண்டு, மிளகு, சுக்கு, முருங்கைக்கீரை, நல்லெண்ணெய், கருவாடு எல்லாம் நல்லதுதான், சாப்பிடு. பத்தியத்தில் போடுகிறதில் எனக்கு வழக்கே இல்லை, எடுக்கிறதில்தான் இருக்கிறது. தயிர் குளிர்ச்சி, கொய்யா ஆகாது, ஆரஞ்சு சளி பிடிக்கும், வேர்க்கடலை பித்தம், ராத்திரி சாப்பாடே வேண்டாம், அரை வயிறு போதும்! பால் கொடுக்கிறவளுக்கு முதல் ஆறு மாதம் வழக்கமாகச் சாப்பிடுவதற்கு மேல் நாளொன்றுக்கு 600 கலோரி வேண்டும் என்று ஹைதராபாத்தில் இருக்கிற தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் சொல்கிறது. மூன்று இட்லி சாம்பாரோடு, ஒரு முட்டை, ஒரு கைப்பிடி வேர்க்கடலை, ஒரு டம்ளர் பால், எல்லாம் சேர்ந்தால் கிட்டத்தட்ட அந்த அளவு வரும். அதாவது ஒரு வேளைச் சாப்பாடு கூடுதலாக. உன் நாத்தனார் உடம்பு போட்டுவிட்டாய் என்றாளாமே? அவளை விட்டுத்தள்ளு. இப்போது டயட் என்ற பேச்சே கூடாது.

சுறாப்புட்டு சாப்பிட்டால் பால் ஊறுமா என்று கேட்டிருந்தாய். பால் சுரப்பது பிள்ளை சப்புவதால்தான். சுறாவில் பாதரசம் சேர்கிறது, பால் கொடுக்கும் காலத்தில் அதை விட்டுவிடுவது நல்லது. அந்தக் காசுக்குச் சாளையும் நெத்திலியும் வாங்கச் சொல்.

ஆஸ்பத்திரியில் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்திவிடாதே, பிரசவத்துக்குப் பிறகும் 180 நாள் சாப்பிட வேண்டும். அதையும் கால்சியத்தையும் ஒன்றாகப் போடாதே. ஒன்று உள்ளே போக இன்னொன்று விடாது. இரண்டு மணி நேரமாவது இடைவெளி இருக்கட்டும். காபி, டீயோடும் வேண்டாம். எலுமிச்சையோ கொய்யாவோ கூட இருந்தால் இரும்பு நன்றாகச் சேரும் (கொய்யா ஆகாது என்கிற அம்மாவிடம் இதையும் எப்படியாவது சொல்லிப் பார்). அப்புறம், கர்ப்பத்தில் உனக்குச் சர்க்கரை இருந்தது என்றாயே. பிரசவத்தோடு இறங்கிவிட்டது, சரி. ஆனாலும் ஆறு வாரம் ஆனதும் 75 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் குடித்துவிட்டு ரத்தம் பார்க்க வேண்டும். இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். பிள்ளைக்குத் தடுப்பூசி என்றால் ஓடி வருகிறவர்கள் தங்களுக்குப் பரிசோதனை என்றால் அடுத்த மாதம் என்கிறார்கள். பிள்ளைக்கு ஆறாவது வார ஊசி போடப் போகிற அன்றே உன்னுடையதையும் முடித்துவிடு. அதுவரைக்கும் லேகியம் ஒரு சுண்டைக்காய் அளவு போதும், அதில் கருப்பட்டிதான் பாதி.

பால் போதவில்லை என்று மாமியார் பவுடர் டப்பா வாங்கி வைத்திருக்கிறாராம். டப்பாவைத் திறப்பதற்கு முன்னால் இரண்டைப் பார். ஒரு நாளைக்கு ஆறு துணிக்குக் குறையாமல் ஈரமாகிறதா? எடை ஏறுகிறதா? பிறந்த எடையிலிருந்து முதல் வாரத்தில் கொஞ்சம் இறங்கி, இரண்டு வாரத்துக்குள் பழைய எடைக்கு வந்திருக்க வேண்டும். இப்போது நாளுக்கு 20 முதல் 30 கிராம் ஏறினால் பால் போதுகிறது என்று அர்த்தம். மார்பு முன்போலக் கனக்காமல் தளர்ந்திருப்பதும், சாயங்காலம் விடாமல் சப்பிக்கொண்டே இருப்பதும் இந்த வயதில் சகஜம். புட்டி கொடுத்தால் சப்புவது குறையும், சப்புவது குறைந்தால் சுரப்பு குறையும், கடைசியில் மாமியார் சொன்னது பலித்துவிடும். எடை மட்டும் ஏறவே இல்லை என்றால் கொள்கை பேசாமல் டாக்டரிடம் காட்டு. தேன், சர்க்கரைத் தண்ணீர், உரை மருந்து எதுவும் பிள்ளை வாயில் வேண்டாம். சாம்பிராணிப் புகையும் அந்த நெஞ்சுக்கு ஆகாது. அம்மா போட்டே தீருவேன் என்றால் கூடத்தில் போடட்டும், நீயும் பிள்ளையும் கதவை மூடிக்கொண்டு உள்ளே இருங்கள்.

பெருவிரல் பக்கம் மணிக்கட்டு குத்துகிறது என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறாய். பாதித் தாய்மார்கள் இதை வாதம் என்று நினைத்துத் தைலம் தேய்க்கிறார்கள். பிள்ளையின் அக்குளில் பெருவிரலை விரித்து வைத்துத் தூக்குவதால் அங்கே ஓடும் தசைநாண் வீங்குகிறது, அவ்வளவுதான். பெருவிரலை மற்ற விரல்களோடு ஒட்டி வைத்து, உள்ளங்கையைத் தலைக்கும் புட்டத்துக்கும் கீழே கொடுத்து அள்ளித் தூக்கிப் பழகு. பால் கொடுக்கும்போது கையில் பாரத்தைத் தாங்காமல் தலையணையில் தாங்கு. ராத்திரியில் ஒருக்களித்துப் படுத்தபடி கொடு, ஆனால் நீ தூங்கிவிடுவாய் போலிருந்தால் அம்மாவைப் பக்கத்தில் இருக்கச் சொல். எழுந்திருக்கும்போதும் மல்லாந்தபடி எழாமல் பக்கவாட்டில் திரும்பி, கையை ஊன்றி எழு, தையலுக்கு நிம்மதி.

வயிற்றில் சேலையைக் கட்டுவது உனக்கு இதமாக இருந்தால் லேசாகக் கட்டிக்கொள். வயிறு உள்ளே போவது அதனால் அல்ல. கருப்பை ஆறு வாரத்தில் தானாகச் சுருங்குகிறது, நீ பால் கொடுக்கக் கொடுக்க வேகமாகச் சுருங்குகிறது. இறுக்கிக் கட்டினால் பாரம் கீழேதான் இறங்கும். தும்மினால் சொட்டுப் போகிறது என்று எழுதக் கூச்சப்பட்டிருக்கிறாய், என்னிடம் என்னடி கூச்சம்? சிறுநீரை அடக்குவது போல உள்ளே இறுக்கி, ஐந்து எண்ணும்வரை பிடித்து விடு. பத்துத் தடவை, தினம் மூன்று வேளை. பால் கொடுக்கும்போதே செய்யலாம், யாருக்கும் தெரியாது. நிஜமாகவே சிறுநீர் போகும்போது மட்டும் செய்து பார்க்காதே. சில வாரங்களில் வித்தியாசம் தெரியும்.

பிள்ளை பார்க்க வருகிறவர்கள் ஒவ்வொருவரும் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிடுகிறார்கள் என்றாய். தீட்டு என்ற பேரே எனக்குப் பிடிக்காது. ஆனால் அந்தப் பதினாறு நாளும் பெற்றவளை யாரும் வேலை ஏவாமல் ஒரு அறையில் படுக்கவிட்டார்களே, அதை மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்று தோன்றும். இப்போது தீட்டும் போயிற்று, படுக்கையும் போயிற்று. பிள்ளையைத் தொட்டிலில் காட்டி, காபி கொடுத்து அனுப்பிவிட அம்மாவுக்குத் தெரியும். நீ எழுந்து வந்து சிரிக்க வேண்டியதில்லை.

பயமுறுத்துவதற்காக அல்ல, தெரிந்திருக்கட்டும் என்று எழுதுகிறேன். ஒரு மணி நேரத்தில் ஒரு நாப்கின் முழுக்க நனைந்தாலோ, காய்ச்சல் 100.4-ஐத் தாண்டினாலோ, ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ, தலைவலியோடு கண் மங்கினாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போ. ரத்த அழுத்தம் பிரசவத்துக்குப் பிறகும் ஆறு வாரம்வரை ஏறலாம்.

லீவைப் பற்றி இப்போதே கவலைப்படுகிறாயே. தனியார் கம்பெனியிலும் முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு உண்டு, 2017-இல் சட்டம் அப்படி மாறிவிட்டது. உன் மேலாளர் சீக்கிரம் வந்தால் நல்லது என்று சொன்னாராம். அவருக்கு நல்லதாக இருக்கும். எனக்குச் சின்னவனுக்கு ஒரு வருடம் கிடைத்தது. 2021 ஜூலையில்தான் இங்கே அரசு ஊழியர்களுக்கு ஒன்பது மாதத்தைப் பன்னிரண்டாக ஆக்கினார்கள். பெரியவளுக்கு ஆறு மாதம்தான். அந்த வித்தியாசம் என்னவென்று என் முதுகுக்குத் தெரியும்.

இரண்டாவது சனிக்கிழமை எனக்கு டூட்டி இல்லை. காலை பஸ்ஸில் வருகிறேன். ஜெயந்தியும் வருகிறேன் என்கிறாள், அவள் கர்ச்சீப்போடு வருவாள். எடை பார்க்கும் தராசை நானே கொண்டுவருகிறேன். சமைக்க வேண்டாம் என்று அம்மாவிடம் சொல். சொன்னால் கேட்கமாட்டார், ஆகவே பூண்டுக் குழம்பு கொஞ்சம் கூடவே வைக்கச் சொல்.

அதற்குள் நான் முதலில் கேட்ட கேள்விகளுக்குப் பதில் வேண்டும். கடிதமாக வேண்டாம். இன்றைக்கு ராத்திரி பிள்ளை தூங்கியதும் போன் செய். எந்த நேரமானாலும் எடுப்பேன்.

அன்புடன்,
மீனா