கட்டிங் ஏன் கட்டிலுக்கு அடியில் போனது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் வாசகர் கடிதப் பகுதியில் ஓர் அன்பர் எழுதியிருந்ததைப் படித்தேன். நன்றாக இருந்த தன் வீட்டு நாய் பத்து நாளாக மூலையில் ஒடுங்கிக் கிடக்கிறது, ஆள் வந்தால் குரைப்பதுகூட இல்லை, திருவிழாப் பட்டாசில் பயந்துவிட்டது, பயந்த நாய் இனிக் காவலுக்கு ஆகாது, எங்காவது கொண்டுபோய் விட்டுவிடலாமா என்று கேட்டிருந்தார். அன்பரே, அதை வண்டியில் ஏற்றுவதற்கு முன் இந்தக் கடிதத்தைப் படித்துவிடுங்கள்.

நான் சிவகாசியை ஒட்டிய திருத்தங்கல்லில் இருக்கிறேன். 36 வருடம் அச்சகத்தில் பைண்டிங் வேலை பார்த்துவிட்டு, கண் சரியில்லாமல் நின்றவன். எங்கள் வீட்டு நாயின் பெயர் கட்டிங். சிரிக்க வேண்டாம், சரக்குக் கட்டிங் இல்லை, பேப்பர் கட்டிங், அச்சகத்தில் வெட்டித் தள்ளுகிற காகித ஓரம். ஏழு வருடத்துக்கு முன் காலண்டர் சீசனில், அச்சகத்துப் பின்கட்டில் குவிந்திருந்த பேப்பர் கட்டிங்குக்குள் நாலு குட்டிகள் கிடந்தன. மூன்றை ஆளுக்கொன்றாகத் தூக்கிப் போனார்கள். மிஞ்சியதை நான் டிபன் பையில் போட்டுக் கொண்டுவந்தேன். பெட்டை. காலின் நீளத்தையும் ஒடுங்கின இடுப்பையும் பார்த்து, சிப்பிப்பாறை ரத்தம் கலந்திருக்கும் என்பான் என் மகன். மற்றபடி சுத்தமான தெரு நாய்.

எங்கள் ஊரில் பிறந்த நாய்க்கு வெடிச் சத்தம் புதிதில்லை. தீபாவளிக்குக் காலையில் ஒரு மணி நேரம், இரவில் ஒரு மணி நேரம் என்று 2018லிருந்து கணக்கு வந்துவிட்டது. ஆனால் ஆலைகளில் சரக்கைச் சோதித்துப் பார்ப்பதும், கல்யாணம், கொடை, எலெக்‌ஷன், சாவு என்று எதற்கும் சரம் கொளுத்துவதும் எங்களுக்கு வருடம் முழுக்க உண்டு. கட்டிங் திண்ணையில் படுத்தபடி காதைக்கூட அசைக்காமல் கேட்டுக்கொண்டிருக்கும். எல்லா நாயும் இப்படி இருக்கும் என்று சொல்லவில்லை. நமக்கு 20,000 ஹெர்ட்ஸோடு காது நின்றுவிடுகிறது, நாய்க்கு 45,000 வரை கேட்கும். வெடிக்குப் பயந்து ஊரைவிட்டே ஓடித் தொலைந்துபோன நாய்களை எங்கள் தெருவிலேயே பார்த்திருக்கிறேன். அதனால்தான் கட்டிங் திடீரென்று சத்தத்துக்குப் பயந்தபோது எனக்குக் கணக்கு உதைத்தது. ஏழு வருடம் கேட்ட சத்தம் இன்றைக்கு எப்படி ஆகாமல் போகும்?

இந்த மாசியில் சிவராத்திரிக்குக் குலதெய்வம் கும்பிடப் போயிருந்தோம். கரிசல் காட்டுக்குள், கண்மாய்க் கரையில் ஐயனார். வீட்டில் ஆள் இல்லாததால் கட்டிங்கையும் வேனில் ஏற்றிக்கொண்டோம். பெருச்சாளி பிடிக்கிறேன் என்று ராத்திரி முழுக்கக் காய்ந்த புல்லுக்குள் ஓடித் திரிந்தது. விடிந்ததும் ஊர் திரும்பினோம். அதற்கு இரண்டாம் நாளிலிருந்து அது எங்கள் கட்டிங்காக இல்லை.

முதலில் பால்காரருக்கு வாலாட்டவில்லை. அப்புறம் கட்டிலுக்கு அடியில் போய், சுவரோரம் அடுக்கியிருந்த பழைய காலண்டர் அட்டைகளுக்குப் பின்னால் படுத்துக்கொண்டது. சோறு வைத்தால், எல்லோரும் தூங்கின பிறகு வந்து பாதி தின்னும். குக்கர் விசில் அடித்தால் வெடவெடவென்று நடுங்கும். என் பேத்தி கையால் பிஸ்கட் வாங்கித் தின்று வளர்ந்த நாய், அவள் கையை நீட்டினால் தலையைத் தாழ்த்தி, கண்ணின் வெள்ளை தெரிய ஒருக்களித்துப் பார்க்கும். கிட்டே வராதே என்று நாய் சொல்வது அப்படித்தான் என்று எனக்கு அப்போது தெரியாது.

தெருவில் ஆளுக்கொரு தீர்ப்பு. நடுச்சாமத்தில் காட்டில் சுற்றியதல்லவா, முனி அடித்துவிட்டது என்று எதிர்வீட்டுப் பெரியம்மா விபூதி போட்டு, கறுப்புக் கயிறு கட்டிவிட்டார். எனக்கும் பாதி நம்பிக்கைதான். ஐயனார் காவலில் முனிக்கு என்ன வேலை என்பது ஒன்றுதான் இடித்தது. மருந்துக்கடை ஒன்றில், மனுசருக்குத் தருகிற வலி மாத்திரையில் பாதியைச் சோற்றில் பிசைந்து கொடுங்கள் என்றார்கள். நல்ல வேளை, கொடுக்கவில்லை. இபுபுரூஃபன் மாதிரியான மாத்திரைகள் நாய்க்கு வயிற்றில் புண்ணாக்கி, சிறுநீரகத்தையே கெடுத்துவிடுமாம். நாய்க்கு வைத்தியம் பார்ப்பவர் என்று ஒருவரை மகன் அழைத்துவந்தான். அவர் கட்டிலுக்குக் குனியக்கூட இல்லை. சத்து ஊசி என்று ஒன்றை எழுதிக்கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

பெரிய தப்பு என்னுடையது. நாலாம் நாள் பொறுமை போய், கழுத்துப்பட்டையைப் பிடித்து இழுத்தேன். கட்டிங் கடித்துவிட்டது. கட்டைவிரலுக்குக் கீழே இரண்டு பல் பதிந்தது. கடித்தது தெரிந்ததும் அதுவே விட்டுவிட்டுத் தரையில் ஒன்றுக்கு இருந்துவிட்டது. குழாயைத் திறந்து கால் மணி நேரம் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, அரசு மருத்துவமனைக்குப் போனேன். அன்றைக்கு ஒன்று, 3ஆம் நாள், 7ஆம் நாள், 28ஆம் நாள் என்று நாலு தடவை ஊசி.

அங்கே முதல் கேள்வி, நாய்க்குத் தடுப்பூசி போட்டிருக்கிறதா என்பதுதான். வருடா வருடம் போட்ட அட்டை இருந்தது. இதை அன்பர் கவனிக்க வேண்டும். குணம் திடீரென்று மாறி, இருட்டில் ஒளிகிற நாய் என்றால் வெறிநோயையும் நினைக்கத்தான் வேண்டும். அந்த நோய் வந்த நாயெல்லாம் துரத்தித் துரத்திக் கடிக்கும் என்பதில்லை. ஊமையாக முடங்கிப்போகும் வகையும் உண்டு. தாடை தொங்கும், எச்சில் ஒழுகும், குரல் மாறும். தொண்டையில் எலும்பு சிக்கிவிட்டது என்று நினைத்து வாய்க்குள் கையை விடுகிறார்களே, அது மகா ஆபத்து. தடுப்பூசி போடாத நாய் என்றால் தொடாமல் தனியாக அடைத்துவிட்டு மருத்துவருக்குச் சொல்லுங்கள். கடித்த நாயைப் பத்து நாள் பார்த்துக்கொண்டிருக்கச் சொல்வதற்கும் காரணம் உண்டு. கடிக்கும்போதே எச்சிலில் நோய் இருந்திருந்தால், அதற்குள் நாய்க்கு முற்றி உயிர் போய்விடும். ஆனால் அந்தப் பத்து நாள் முடியட்டும் என்று நம் ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது.

ஒன்பதாம் நாள், தெரிந்தவர் ஆம்னியில் திருநெல்வேலி இராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோனோம். துணியால் வாய்க்கட்டுப் போட்டு, போர்வையோடு சுருட்டித் தூக்கினேன். அங்கே இருந்த டாக்டர் அம்மா, நாயைத் தொடுவதற்கு முன் என்னிடம்தான் பத்து நிமிடம் பேசினார். எந்த நாளில் ஆரம்பித்தது, அதற்கு முன் எங்கே போனீர்கள், தலையை உதறுகிறதா, எந்தப் பக்கமாகப் படுக்கிறது. அப்போதுதான் என் மனைவி சொன்னாள், "வலப்பக்கம் சாஞ்சு படுக்கவே மாட்டேங்குது மேடம்." ஒன்பது நாளாக அவள் பார்த்திருக்கிறாள். யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

மயக்க ஊசி போட்டு, விளக்கு வைத்த குழாயை வலது காதுக்குள் விட்டுப் பார்த்தார். இடுக்கியால் மெல்ல இழுத்து என் உள்ளங்கையில் வைத்தார். ஊசிப்புல். ஒரு அரிசி நீளம், பழுப்பு நிறம், முனை கூர்மை, சீழ் ஒட்டியிருந்தது. ஆடு மேய்ப்பவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். முனையில் பின்னோக்கி மயிர் இருப்பதால் ஒரு தடவை குத்தினால் முன்னேதான் போகும், பின்னே வராது. வாலில் ஈரம் பட்டால் முறுக்கு அவிழ்ந்து தானாகத் திருகிக்கொண்டு உள்ளே துளைக்கும். வேட்டிக் கரையில் ஒட்டினாலே பிடுங்க முடியாதது, ஒன்பது நாளாகக் காதுக்குள் இருந்திருக்கிறது. குக்கர் விசில் அந்தக் காதில் எப்படி விழுந்திருக்கும்? பேத்தி தடவ நீட்டிய கை எங்கே போயிருக்கும்? எனக்கு அங்கேயே நெஞ்சை அடைத்துவிட்டது.

வலி இருக்கும் நாய் சத்தத்துக்கும் தொடுகைக்கும் பயப்பட ஆரம்பிக்கும் என்றார் அந்த அம்மா. இங்கிலாந்தில் லிங்கன் பல்கலைக்கழகத்துக்காரர்கள் சேர்ந்து 2018ல் வெளியிட்ட ஆய்வையும் சொன்னார். சத்தத்துக்குப் பயப்படும் நாய்களில் மூட்டு, தசை வலி உள்ளவற்றையும் இல்லாதவற்றையும் ஒப்பிட்டிருக்கிறார்கள். திடுக்கிட்டால் உடம்பு இறுகும், இறுகினால் வலிக்கும், அப்புறம் சத்தமே வலிக்கு அடையாளமாகிவிடும். வயதான நாய்க்குக் கண்ணில் புரை, காது மந்தம், இடுப்பு வலி இருக்கலாம். எலும்பு கடித்துப் பல் உடைந்திருக்கலாம். நம் ஊரில் உண்ணிக் காய்ச்சல் வேறு. காய்ச்சலும் வெளுத்த ஈறுமாக நாய் சுருண்டு கிடக்க, வீட்டில் இருப்பவர்கள் பயம் என்று நினைத்துக்கொண்டிருப்பார்களாம்.

புல்லை எடுத்ததும் சரியாகிவிடும் என்று நினைத்தேன். இல்லை. இரண்டு வாரம் காதுச் சொட்டு மருந்தும் மாத்திரையும் முடிந்து, காது ஆறிவிட்டது. நாய் மட்டும் கட்டிலுக்கு அடியிலேயே இருந்தது. அதுவும் எல்லோரையும்விட என்னைக் கண்டால்தான் அதிகம் ஒடுங்கியது. இழுத்தவன் நான்தானே.

அதற்குப் பிறகு பார்த்த வைத்தியம் பெரும்பாலும் சும்மா இருப்பதுதான். கட்டிலடியை அதற்கே விட்டுவிட்டோம். யாரும் குனிந்து பார்க்கக் கூடாது, கூப்பிடக் கூடாது. குக்கர் பின்வாசலுக்குப் போனது. அங்கே நின்று சமைக்க மனைவி முணுமுணுத்தாள், ஆனால் சமைத்தாள். தினம் காலையில் நான் கட்டிலிலிருந்து ஆறடி தள்ளி, அதற்கு முதுகைப் பாதி காட்டியபடி தரையில் உட்கார்ந்து உங்கள் பேப்பரைப் படிப்பேன். வேகவைத்த கோழி ஈரல் துண்டு ஒன்றை அது இருக்கும் பக்கம் உருட்டிவிடுவேன். திரும்பிப் பார்ப்பதில்லை. முதல் வாரம் நான் எழுந்து போன பிறகுதான் தின்றது. இரண்டாம் வாரம் நான் இருக்கும்போதே தின்றது. அப்புறம் துண்டை அரையடி அரையடியாக என் பக்கம் நகர்த்தினேன். ஒரு நாள் அவசரப்பட்டுத் தலையைத் தடவப் போய், மூன்று நாள் வேலை வீணானது.

பயந்த நாயைக் கொஞ்சினால் பயம் வளரும் என்று சிலர் சொன்னார்கள். அந்த அம்மா அப்படி ஒன்றுமில்லை என்றார். அதுவாக நம்மிடம் வந்தால் ஆறுதலாகத் தொடலாம், ஒளிந்திருப்பதைத் தேடிப் போய்த் தொடுவதுதான் தப்பு. தொடும்போதும் தலைக்கு மேலே கையைக் கொண்டுபோகாமல், கீழிருந்து தாடைக்கு.

ஐந்தாம் வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை. டெண்டர் விளம்பரப் பக்கத்தைத் தரையில் விரித்து வைத்திருந்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தால், பொதுப்பணித்துறை டெண்டரின் மேல் ஒரு தாடை இருந்தது. மூக்குக்குக் கீழே காகிதம் ஈரமாகி, மறுபக்கத்து எழுத்து தெரிய ஆரம்பித்தது. நான் அசையவில்லை. கால் மரத்துப்போகும்வரை அந்த டெண்டரையே படித்தேன்.

ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். அரசு கால்நடை மருந்தகங்களில் ஆடு மாடுகளுக்குத்தான் முதலிடம், அது நியாயமும்கூட. ஆனால் நான் முதலில் போன இடத்தில் காதுக்குள் பார்க்கும் அந்தச் சின்னக் கருவி இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஆட்டுக்கும் மாட்டுக்கும் காது இருக்கிறதே. ஒவ்வொரு மருந்தகத்துக்கும் ஒன்று வாங்கிக் கொடுத்தால், என்னைப் போல ஒரு காதுக்காக மாவட்டம் தாண்டிப் போக வேண்டியிருக்காது. கால்நடைத் துறையினர் இதைப் படித்தால் கவனிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

அன்பருக்குக் கடைசியாக ஒன்று. முதலில் தடுப்பூசி அட்டையைத் தேடி எடுங்கள். அப்புறம் அந்த நாய் எந்தப் பக்கம் படுக்கிறது என்று உங்கள் வீட்டு அம்மாவிடம் கேளுங்கள். மருத்துவரிடம் காட்டிய பிறகும் வேண்டாம் என்று தோன்றினால், தெரியாத ஊரில் இறக்கிவிட்டு வராதீர்கள், ஆசிரியர் மூலம் எனக்குச் சொல்லி அனுப்புங்கள். எங்கள் வீட்டில் இன்னொரு கட்டிலும் இருக்கிறது. மனைவியிடம்தான் இன்னும் கேட்கவில்லை.

இப்படிக்கு,
பைண்டிங் வேலை பார்த்து ஓய்ந்த ஒரு வாசகர்,
திருத்தங்கல்.