விமானிகளின் ஓய்வு வயதும் சங்கத்தின் நேர்மையும்

சுங்கை சிப்புட்,
பேராக்.

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. தங்கைக்கு முழங்கால் வலி குறைந்து, மறுபடியும் கோயிலுக்கு நடந்தே போய்வருகிறார் என்று எழுதியிருந்ததைப் படித்து என் மனைவி மிகவும் மகிழ்ந்தாள். இங்கே நாங்கள் நலம். தோட்டத்தில் மீதமிருந்த பால்மரங்களையும் சாய்த்துச் செம்பனை நட்டுவிட்டார்கள். காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்க நாம் பெரட்டுக்கு நின்ற இடம் இப்போது லாரிகள் திரும்பும் திடலாகிவிட்டது.

நீங்கள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். விமானிகளின் ஓய்வு வயதை 65இலிருந்து 67 ஆக உயர்த்துவதை விமானிகளின் சங்கங்களே எதிர்க்கின்றனவே, உழைக்க விரும்புகிறவனைத் தடுப்பதற்கா சங்கம் என்று கேட்டிருக்கிறீர்கள். துணை விமானியான உங்கள் மகன் சங்கத்தின் பக்கம் நிற்பது உங்களுக்கு வருத்தம் என்பதும் வரிகளுக்கிடையே தெரிந்தது. தோட்டத் தொழிலாளர் சங்கத்தில் கிளைச் செயலாளராக இருந்தவன் என்ற முறையில் இதைப் பற்றி நான் நிறையவே யோசித்துவிட்டேன்.

இந்தச் சண்டையின் வரலாறு விசித்திரமானது. அமெரிக்காவில் 60 வயது வரம்பு 1959 டிசம்பரில் அறிவிக்கப்பட்டு 1960 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. காரணம் உடல்நலம் என்றார்கள். ஆனால் அதற்கு முன்பே அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தலைவர் சி. ஆர். ஸ்மித், விமானப் போக்குவரத்து நிர்வாகத் தலைவர் கெசாடாவுக்கு இப்படி ஒரு வரம்பை விதிக்கச் சொல்லிக் கடிதம் எழுதியிருந்தார். கெசாடாவும் பதவியை விட்ட பிறகு அதே நிறுவனத்தின் இயக்குநர் குழுவில் சேர்ந்தார். விமானிகள் சங்கமான ஆல்பா அன்று அந்த விதியை எதிர்த்து நீதிமன்றம் வரை சென்று தோற்றது. அதே சங்கம் 1980இல் அந்த விதிக்குக் காவலாக மாறி, ஒரு தலைமுறைக் காலம் 60ஐக் கட்டிக்காத்தது. விமானிகளின் இதயமும் கண்ணும் இடையில் மாறிவிடவில்லை. மாறியது உறுப்பினர்களின் கணக்கு.

அந்தக் கணக்கு என்னவென்று எனக்கு விளங்க வைத்தவர் உங்கள் மகன்தான். சென்ற தீபாவளிக்கு வந்திருந்தபோது தம் நிறுவனத்தின் மூப்புப் பட்டியலைக் கைப்பேசியில் காட்டினார். வரிசை எண், பெயர், சேர்ந்த நாள், ஓய்வு பெறும் நாள் என்று நான்கு பத்திகள். ஓய்வு பெறும் ஆண்டு வாரியாக அவரே வண்ணமிட்டு வைத்திருந்தார். எந்த விமானம், துணை விமானியின் வலப்பக்க இருக்கையா கேப்டனின் இடப்பக்க இருக்கையா, எந்த ஊர்த் தளம், பொங்கலுக்கு விடுப்பு உண்டா என்பதெல்லாம் அந்த எண்ணால் முடிவாகிறது. வேறு நிறுவனத்துக்குப் போனால் பட்டியலின் அடியிலிருந்து மறுபடியும் தொடங்க வேண்டும். மேலே இருப்பவர் இரண்டு ஆண்டுகள் கூடுதலாக அமர்ந்தால் கீழே உள்ள ஒவ்வொருவருக்கும் கேப்டன் பதவி தள்ளிப்போகிறது.

2006 நவம்பரில் பன்னாட்டு விமானப் போக்குவரத்து அமைப்பான ஐக்காவோ வரம்பை 65 ஆக்கியது. விமானத்தை ஓட்டும் இருவரில் ஒருவர் 60க்குக் கீழே இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் அப்போது இருந்தது, 2014இல் அது நீக்கப்பட்டது. அமெரிக்க அரசும் அவ்வழியே போகப்போவதாக 2007 ஜனவரியில் அறிவித்தவுடன், அந்த ஆண்டு மே மாதம் ஆல்பா தன் எதிர்ப்பைக் கைவிட்டது. அதற்குள் யுஎஸ் ஏர்வேஸும் யுனைட்டெட்டும் திவால் நடவடிக்கையில் விமானிகளின் ஓய்வூதியத் திட்டங்களை அரசுக் காப்புறுதிக் கழகத்திடம் தள்ளிவிட்டிருந்தன. அந்தக் கழகம் தரும் உச்சத் தொகையோ 65 வயதில் ஓய்வு பெறுகிறவருக்கு ஏற்றது; சட்டத்தால் 60இல் வெளியேற்றப்பட்டவருக்கு அதிலும் குறைத்தார்கள். ஓய்வூதியத்தை நம்பியிருந்தவர்கள் கூடுதல் ஆண்டுகளைக் கேட்கத் தொடங்கியதில் வியப்பில்லை.

2007 டிசம்பர் 13 அன்று சட்டம் கையெழுத்தானது. அதற்கு முந்தைய வாரம் 60ஐத் தொட்டவரின் நிலையை எண்ணிப் பாருங்கள். திரும்பி வரலாம், ஆனால் புதிதாகச் சேர்ந்தவராக, மூப்பு எண் இல்லாமல். வாழ்நாள் உழைப்பு ஒரு வாரத்தில் கரைந்தது. இதை நினைக்கும்போதெல்லாம் என் நெஞ்சு கனக்கிறது.

இப்போதைய 67 விஷயத்தில் சங்கத்துக்கு உண்மையிலேயே வலுவான வாதம் ஒன்று உண்டு. ஐக்காவோ வரம்பு 65 ஆக இருக்கும்வரை அதைத் தாண்டியவர் பிற நாடுகளுக்குப் பறக்க முடியாது. பெரிய விமானத்தில் கடல் கடக்கும் மூத்த கேப்டன் உள்நாட்டுச் சிறு விமானத்துக்கு இறங்க வேண்டும்; அவருக்கு சிமுலேட்டர் என்ற பயிற்சி இயந்திரத்தில் மறுபயிற்சி, அவர் வந்து அமரும் இடத்தில் இருந்தவருக்கு இடமாற்றம், அவரால் இன்னொருவருக்கு இடமாற்றம் என்று அது கடைசிவரை போகும். 2024 பிப்ரவரியில் அமெரிக்க செனட் குழு 14க்கு 13 என்ற வாக்கில் 67 ஆக்கும் யோசனையை நிராகரித்தது. மே மாதம் வந்த விமானப் போக்குவரத்துச் சட்டத்திலும் 67 இல்லை. ஜப்பான் 2015 முதலே 67 வரை அனுமதிக்கிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஆகவே எதிர்ப்பதற்காகச் சங்கத்தை நான் குறை சொல்ல மாட்டேன். பயணிகளின் பாதுகாப்பு என்ற பெயரைப் போர்த்திக்கொண்டு எதிர்ப்பதுதான் எனக்கு உறுத்துகிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை மருத்துவச் சோதனையும், தவறாமல் சிமுலேட்டர் சோதனையும் கடந்துவருகிற ஒருவரைப் பிறந்தநாள் ஒன்றைக் காட்டி ஆபத்தானவர் என்று அவருடைய சங்கமே சொல்வது, இத்தனை காலம் சந்தா கட்டியவருக்குச் செய்யும் அநியாயம்.

நம் மலேசியாவிலும் 2013 ஜூலை முதல் தனியார் துறையில் ஓய்வு வயது 60 ஆனபோது இதே நெருக்கடி வந்தது. 55இல் போகவேண்டிய தண்டல், அதாவது தோட்ட மேற்பார்வையாளர், இருந்துவிட்டார், அவருக்கு அடுத்து அந்த வேலைக்கு வரவேண்டியவர் சங்க அலுவலகத்துக்கு வந்து, நாற்காலியில் உட்காராமல், தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, “சங்கம் அவருக்கு மட்டும்தானா?” என்று கேட்டார். வயதை உயர்த்தியது சரி, உங்களுக்கு நட்டம் என்பதும் உண்மை என்று இரண்டையும் அவர் முகத்துக்கு நேரே சொன்னேன். பிறகு அவருக்குத் தரநிலை உயர்வு கேட்டு நிர்வாகத்திடம் பேசினோம். பாதிதான் கிடைத்தது. ஆனாலும் அவர் சந்தாவை நிறுத்தவில்லை.

விமானிகள் சங்கமும் இப்படிப் பேசலாம். மூத்தவர்கள் நீடித்தால் இளையவர்கள் இழக்கும் ஆண்டுகளுக்கு ஈடு என்ன, ஓய்வு பெறுகிறவருக்குப் போதிய சேமநிதி இருக்கிறதா என்று நிறுவனத்திடம் கேட்கலாம். வயதை வைத்து உறுப்பினர்கள் மோதிக்கொள்ளும்போது, ஓய்வூதியத்தைக் கைகழுவிய முதலாளிமீது கேள்வியே எழுவதில்லை.

இதை வைத்து மகனோடு மனத்தாங்கல் வேண்டாம். கேப்டன் நாற்காலிக்காக இத்தனை ஆண்டுகள் காத்திருக்கும் பிள்ளை தன் முறை வரவேண்டும் என்று நினைப்பது நியாயமானதுதான். அவர் அடுத்து வீட்டுக்கு வரும்போது, சங்கம் இந்த நிலைப்பாட்டை எடுக்குமுன் மூத்தவர், இளையவர் எல்லோரிடமும் வாக்கெடுத்ததா என்று மட்டும் கேட்டு எனக்கு எழுதுங்கள்.

உங்கள் அன்பு நண்பன்